பழைய இரட்டை இறக்கைக் கிளைடர் மாடல்: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி பெரிய அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். உள்ளே ரைட் சகோதரர்களின் 1902 கிளைடர், எட்டில் ஒரு பங்கு அளவில். நிஜத்தில் 32 அடி இறக்கை, இவனிடம் 4 அடி. வேலை அத்தனை சுத்தம். "எங்க பிடிச்சு அசைச்சாலும் ஆடாதுண்ணா" என்று பெருமையாகச் சொன்னான். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. பல வருஷம் முன்னால் நானும் இதே வாக்கியத்தை இதே பெருமையோடு சொல்லியிருக்கிறேன்.

பசை காயுமுன் தூக்குவது, இறக்கை மேல் ஒட்டும் டிஷ்யூ தாள் சுருங்கி உள்ளே இருக்கும் ரிப் குச்சி வளைவது இதெல்லாம் இரண்டாவது மாடலில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லாக் கட்டத்திலும் குறுக்குக் கம்பி

பழைய படங்களில் இரண்டு இறக்கைக்கும் நடுவே கம்பிகள் பெருக்கல் குறி போலத் தெரியும். உடனே தூண்டில் நரம்பை எடுத்து, கண்ணில் படும் கட்டத்தையெல்லாம் இழுத்துக் கட்டிவிடுகிறோம். ஆக்டேவ் ஷனூட்டின் 1896 கிளைடர் என்றால் அது சரிதான். அவர் பாலம் கட்டிய இன்ஜினியர். மிசூரி ஆற்றின் மேல் கான்சஸ் சிட்டியில் 1869-இல் திறந்த பாலம் அவருடையது. ரயில் பாலத்துக்குப் போடும் பிராட் ட்ரஸ் என்ற சட்டக அமைப்பை அப்படியே இறக்கைக்குக் கொண்டுவந்தார். தூண்கள் அமுக்கத்தைத் தாங்கும், குறுக்குக் கம்பிகள் இழுவையைத் தாங்கும், மொத்தமும் ஒரே பெட்டியாக விறைத்து நிற்கும். ஓட்டுபவர் உடம்பை ஆட்டித்தான் திருப்புவார் என்பதால் இறக்கை அசையவே தேவையில்லை.

ரைட் சகோதரர்கள் அந்த ட்ரஸ்ஸை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் முன் தூணுக்கும் பின் தூணுக்கும் இடையே வரும் குறுக்குக் கம்பியைக் கழற்றிவிட்டார்கள். அவர்கள் கண்டுபிடிப்பின் உயிரே அங்கேதான் இருக்கிறது. 1899-இல் சைக்கிள் கடையில் டியூப் வந்த காலி அட்டைப்பெட்டியைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தபோது வில்பருக்கு இது பிடிபட்டது. உங்களுக்கு ஒரு தீப்பெட்டி போதும். உள் தட்டை உருவிவிட்டு, வெறும் உறையின் எதிரெதிர் மூலைகளை இரண்டு விரலால் அமுக்குங்கள். ஒரு முனை ஒரு பக்கமும் மறு முனை எதிர்ப்பக்கமும் முறுகும். அதுதான் இறக்கை முறுக்கு, ரைட் கிளைடரைச் சாய்த்துத் திருப்ப உதவியது அதுதான். இப்போது உறையின் இரண்டு வாயிலும் அட்டை வைத்து ஒட்டிவிட்டு அமுக்கிப் பாருங்கள். அசையாது. பக்கவாட்டில் நீங்கள் கட்டும் குறுக்குக் கம்பி அந்த அட்டையின் வேலையைத்தான் செய்கிறது.

என் மாடலில் முறுக்கு வேலை செய்யவில்லை என்றதும் நரம்பில் பழுது என்று நினைத்தேன். நரம்பை மாற்றினேன். கப்பியை மாற்றினேன். கடைசியில், படுத்திருக்கும் ஆள் இடுப்பால் நகர்த்தி இறக்கையை முறுக்கும் தொட்டிலை விரலால் பிடித்துக் கொஞ்சம் பலமாகத் தள்ளினேன். பின் சட்டம் 'டக்' என்று முறிந்தது. நாலு மாத வேலை. பசை போட்டு ஒட்டினாலும் இறக்கை கோணிக்கொண்டே இருந்ததால் மேல் இறக்கை முழுவதையும் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான். கம்பியைக் குறைத்திருந்தால் வேலையும் குறைந்திருக்கும், பாருங்கள்!

முன்வரிசைத் தூண்களுக்கு இடையே குறுக்குக் கம்பி வேண்டும். அந்த முகம் விறைப்பாகவே நிற்கட்டும். பக்கவாட்டில் வேண்டாம். தூணின் நுனிகளையும் சூப்பர் க்ளூ போட்டு அடைக்காதீர்கள். அசலில் அவை அசையக்கூடிய மூட்டுகள். நூல் சுற்றிக் கட்டினாலே போதும், மூட்டு தானாக அசையும்.

தம்பியிடம் கத்தரியைக் கொடுத்தேன். முதல் நரம்பை வெட்ட அவனுக்குக் கால் மணி நேரம் ஆனது.

ஷனூட் கிளைடரின் வாலை விறைப்பாக ஒட்டுவது

பக்கவாட்டுக் கம்பி இருக்க வேண்டிய மாடலில் வேறொரு இடத்தில் சறுக்குகிறோம். சிலுவை வடிவ வாலை உடம்போடு சேர்த்து இறுக ஒட்டிவிடுகிறோம். ஷனூட்டோடு சேர்ந்து வேலை செய்த அகஸ்டஸ் ஹெரிங் அந்த வாலை நெகிழ்ந்து கொடுக்கும்படி பொருத்தியிருந்தார். காற்று திடீரென்று அடித்தால் வால் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, திரும்ப இடத்துக்கு வரும். மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேட்டில் அவர் 359 அடி பறந்தது இந்த வாலோடுதான். சின்ன ரப்பர் பேண்ட் இரண்டு போதும்.

இன்னொன்று. அந்தக் கிளைடர் முதலில் மூன்றடுக்காக வந்தது. கீழ் இறக்கையை அப்புறம்தான் கழற்றினார்கள். மூன்றடுக்குப் படத்தைப் பார்த்து இரண்டடுக்கின் தூண் உயரத்தை அளக்காதீர்கள்.

ஆளை மறப்பது

ஷனூட் கிளைடரின் எடை வெறும் 23 பவுண்டு. ஆளின் எடை அதைப் போலப் பல மடங்கு. ஆளில்லாமல் வீசிவிட்டு "மூக்கைத் தூக்குதுண்ணா" என்றால் நான் என்ன செய்ய? ஷனூட்டில் ஆள் அக்குளைக் கட்டையில் ஊன்றித் தொங்குவார், ரைட்டில் குப்புறப் படுப்பார். களிமண்ணில் பிடித்தாலும் சரி, எடை அந்தந்த இடத்தில் இருக்க வேண்டும். ரைட் மாடலுக்கு அதுவும் போதாது. முன்னால் இருக்கும் ஏற்ற இறக்கப் பலகையை அவர்கள் விடாமல் கையால் சமாளித்துக்கொண்டே பறந்தார்கள். உங்கள் மாடலுக்குக் கை கிடையாது. மூக்கில் ஈயத்துண்டு வையுங்கள்.

செப்டம்பர் வால், அக்டோபர் வால்

1902 கிளைடர் முதலில் அசையாத இரட்டை வாலோடு பறந்தது. அக்டோபரில் ஆர்வில் யோசனை சொல்ல, திரும்பக்கூடிய ஒற்றை வால் வந்தது, இறக்கை முறுக்கோடு இணைத்து. ஏதாவது ஒன்றைக் கட்டுங்கள். இரட்டை வாலைத் திருப்ப முயலாதீர்கள்.

இறக்கை நுனியை மேலே தூக்குவது

1902-இல் நுனி நடுவைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

லிலியென்டால் பெயர்ப்பலகை

ஜெர்மனியின் கிளைடர் முன்னோடி ஓட்டோ லிலியென்டால் 1895-இல் இரட்டை இறக்கை கட்டிப் பறந்தார், உண்மை. ஆனால் 1896 ஆகஸ்ட் 9-ஆம் தேதி ஸ்டோல்ன் அருகே அவர் விழுந்தது ஒற்றை இறக்கையில். மறுநாள் பெர்லினில் இறந்தார். நான் இரட்டை இறக்கை மாடலின் கீழே 'அவரது கடைசிக் கிளைடர்' என்று பித்தளையில் பொறித்து வைத்திருந்தேன். கண்காட்சியில் ஒரு பள்ளிப் பையன் சொன்ன பிறகுதான் தெரிந்தது. தகடு இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது.