செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டர் வாங்கியாச்சா?

விற்றவர் சொல்லும் சர்வீஸ் கணக்கை நம்பாமல், முதல் வேலையாக இன்ஜின் ஆயிலையும் பின்சக்கரத்துப் பக்கம் இருக்கும் கியர் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். இரண்டாவதைப் பலர் மறந்தே போகிறார்கள். டயர் ஓரத்தில் 2317 என்றிருந்தால் 2017-இன் 23-ஆவது வாரம் தயாரானது, பட்டன் தேயாமல் இருந்தாலும் மாற்றுவதுதான் நல்லது.

நம்ம டெல்டாவில் அறுவடை சமயத்து வைக்கோல் தூசியும், ரோட்டிலேயே காயப்போடும் நெல்லின் சுணையும் ஏர் ஃபில்டரை அடைத்துவிடும். பிக்கப் குறைந்து, கழற்றிப் பார்த்த ஸ்பார்க் பிளக்கில் உலர்ந்த கரி படிந்திருந்தால் முதல் சந்தேகம் ஃபில்டர் மேல்தான். வண்டி ஸ்டார்ட் ஆகாமல், பிளக் பெட்ரோலில் நனைந்திருக்கிறதா? கார்புரேட்டர் வண்டி (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் இல்லாத பழைய மாடல்) என்றால் துடைத்து மாட்டி, ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகிக் கிக் அடியுங்கள்.

ஐப்பசி மழையில் திருவாரூர்ப் பக்கம் தேங்கிய தண்ணீரைக் கடந்தால் டிரம் பிரேக் சரியாகப் பிடிக்காது, மெதுவாக ஓட்டிக்கொண்டே லேசாக அழுத்தி அழுத்திக் காயவிடுங்கள். தண்ணீரிலேயே நின்றுவிட்டால் செல்ஃப் போடாதீர்கள், மெக்கானிக் கடைக்குத் தள்ளுங்கள்.