வாக்கியக் கடைசியில் 'இன்' வரலாமா?

ஒன்பதாம் வகுப்புப் பரீட்சையில் 'திஸ் இஸ் த ஹவுஸ் வீ லிவ் இன்' என்று எழுதியிருந்தேன். விடைத்தாள் திரும்பி வந்தபோது அந்த 'இன்'னைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், அரை மதிப்பெண் குறைவு. ப்ரிப்போசிஷனில், அதாவது 'இன்', 'ஆன்', 'வித்' போன்ற சின்னச் சொல்லில், வாக்கியத்தை முடிக்கக் கூடாதாம். அதற்கப்புறம் பல வருஷம், அந்த இடம் வந்தாலே பேனா தயங்கும். இப்போது மாலை நேரத்தில் வீட்டிலேயே ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: தாராளமாக முடிக்கலாம்.

இந்தத் தடைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1672-இல் ஜான் டிரைடன் என்ற ஆங்கிலக் கவிஞர், தனக்கு முந்தைய பென் ஜான்சனின் வரி ஒன்று 'ஃப்ரம்' என்று முடிவதைக் குற்றமாகச் சொன்னார். பிறகு தன் பழைய நூலை 1684-இல் மறுபதிப்பு செய்தபோது, தானே எழுதிய அப்படிப்பட்ட வாக்கியங்களையும் மாற்றினார். ஆனால் 1762-இல் இலக்கண நூல் எழுதிய ராபர்ட் லோத், பேச்சுக்கும் இயல்பான எழுத்துக்கும் இது நன்றாகவே பொருந்தும், ஆனால் ப்ரிப்போசிஷனை முன்னால் வைப்பது இன்னும் அழகு, கம்பீரமான நடைக்கு அதுவே பொருத்தம் என்றார். 1926-இல் ஆங்கிலச் சொல்வழக்குக்குக் கையேடு எழுதிய ஃபவுலர் இந்தத் தடையை மூடநம்பிக்கை என்றே எழுதிவிட்டார்.

சரி, நம்மவர்களுக்கு உண்மையில் சிக்கல் எங்கே? கடைசியில் வைப்பதில் இல்லை, வைக்காமல் விட்டுவிடுவதில்தான். 'கத்தியால் நறுக்கினேன்' என்பதைத் திருப்பினால் 'நான் நறுக்கிய கத்தி'. அந்த 'ஆல்' எங்கே போயிற்று? தமிழில் அது தானாக உதிர்ந்துவிடும், கேட்கிறவருக்கும் எதுவும் குறையாகத் தெரியாது. 'வீட்டில் தங்கினேன்', 'நான் தங்கிய வீடு', இங்கே 'இல்' உதிர்ந்தது. அதே பழக்கத்தில் 'த நைஃப் ஐ கட்' என்கிறோம். ஆங்கிலக்காரர் காதில் அது 'நான் வெட்டிய கத்தி', அதாவது கத்தியையே வெட்டியதாக விழும். ஆங்கிலத்தில் அந்தச் சின்னச் சொல் உதிரக் கூடாது.

இதற்கு நான் சொல்லித்தரும் வழி ஒன்றுதான். சந்தேகம் வந்தால் வாக்கியத்தை நேராகப் போட்டுப் பாருங்கள். 'ஐ கட் த வெஜிடபிள்ஸ் வித் த நைஃப்.' 'வித்' வருகிறதா? அப்படியானால் 'நைஃப்' முன்னால் போனாலும் 'வித்' தன் இடத்திலேயே நிற்க வேண்டும்: 'த நைஃப் ஐ கட் த வெஜிடபிள்ஸ் வித்.' கேள்வியாக இருந்தால் பதிலைச் சொல்லிப் பாருங்கள். 'ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் த பஸ்' என்பது பதில், எனவே கேள்வி 'வாட் ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?' போன மாதம் ஒரு பெண் 'ஐ நீட் எ சேர் டு சிட்' என்றாள். 'உட்கார ஒரு நாற்காலி' என்று தமிழில் நினைத்திருக்கிறாள். 'சிட் ஆன் எ சேர்' என்று சொல்லிப் பார்க்கச் சொன்னேன். அவளே 'டு சிட் ஆன்' என்று திருத்திக்கொண்டாள்.

இதே சோதனை வேண்டாத சொல்லையும் காட்டிக்கொடுக்கும். 'பற்றி விவாதித்தோம்' என்ற பழக்கத்தில் 'த ப்ராப்ளம் வீ டிஸ்கஸ்ட் அபவுட்' என்கிறோம். நேராகச் சொன்னால் 'வீ டிஸ்கஸ்ட் த ப்ராப்ளம்' மட்டுமே. 'அபவுட்' வேண்டாம்.

அலுவலகக் கடிதத்தில் முன்னால் வைக்க விரும்பினால் வையுங்கள்: 'த ஹவுஸ் இன் விச் வீ லிவ்.' அங்கே 'இன் தட்' வராது. ஆளைக் குறித்தால் 'டு ஹூம்'. முன்னால் வைத்தபின் கடைசியில் இன்னொரு 'இன்' போடாதீர்கள், பலர் பயத்தில் இரண்டு இடத்திலும் போடுகிறார்கள். 'லுக் ஆஃப்டர்' (கவனித்துக்கொள்), 'புட் அப் வித்' (பொறுத்துக்கொள்) போல சேர்ந்தே பொருள் தருபவற்றைப் பிரித்து முன்னால் இழுக்கவே வேண்டாம்.

உச்சரிப்பும் முக்கியம். நடுவில் வரும் 'டு'வை லேசாக 'ட' என்று விழுங்கலாம். கடைசியில் வந்தால் முழுதாகச் சொல்ல வேண்டும்: 'ஹூ ஆர் யூ டாக்கிங் டூ?'

பழகுவதற்குச் சமையலறை போதும். ஒவ்வொரு பொருளாகத் தொட்டுச் சொல்லுங்கள். த ஸ்டவ் ஐ குக் ஆன். த பாட் ஐ பாயில் மில்க் இன். த டம்ளர் ஐ ட்ரிங்க் ஃப்ரம்.