ஏரி வேலையில் நாங்கள் செய்த தவறுகள்

போன மாதம் பக்கத்து ஒன்றியத்து இளைஞர்கள் சிலர் தாங்கள் தூர்வாரும் ஏரியை வந்து பார்க்கச் சொன்னார்கள். கரையேறி உள்ளே பார்த்ததும் வயிறு கலங்கியது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு நாங்கள் அடித்த அதே கூத்து. குப்பை கொட்டாதே, சாக்கடை விடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ஏரியைக் கிண்ணமாக வெட்டுவது

கோடையில் நம்மூர் ஏரி ஒன்றின் உள்வாயை, அதாவது தண்ணீர் தேங்கும் உட்பரப்பை, குறுக்கே நடந்து பாருங்கள். கரையோரம், மடைக்குப் பக்கத்தில்தான் ஆழம். அங்கிருந்து தண்ணீர் வரும் பக்கமாகத் தரை மெல்ல ஏறிக்கொண்டே போகும். ஏரி எங்கே முடிந்தது, மேய்ச்சல் நிலம் எங்கே தொடங்கியது என்றே தெரியாது.

அந்த மேட்டுப் பக்கத்தை நாங்கள் வீணாய்க் கிடக்கும் இடம் என்று நினைத்தோம். ஜேசிபி கிடைத்த உற்சாகத்தில் நாலு பக்கமும் ஒரே ஆழம், ஓரமெல்லாம் சுவர் மாதிரி செங்குத்து. சாயங்காலம் எத்தனை லோடு என்று எண்ணுவோம். லோடு கூடிய நாளில் டீயோடு பஜ்ஜியும் உண்டு.

ஐப்பசி மழையில் ஏரி தளும்பியது. போட்டோ அருமையாக வந்தது. பறவைதான் வரவில்லை. நாலைந்து நீர்க்காகம், இரண்டு முக்குளிப்பான், அவ்வளவுதான். முந்தைய வருடம் வரை அந்த மேட்டில் நெடுங்கால் உள்ளான் கூட்டமாக மேயும். அதன் காலே ஒரு சாண்தான். சின்ன உள்ளான்களுக்கு மூன்று விரல் தண்ணீர் தாண்டினாலே நிற்க முடியாது. அரிவாள் மூக்கனும் நத்தைகுத்தி நாரையும் நின்றுதான் இரை தேடும். பத்தடித் தண்ணீரில் எங்கே போய் நிற்கும்?

தை, மாசியில் தண்ணீர் வற்றும்போது சரிவில் நீர்விளிம்பு தினமும் கொஞ்சம் பின்வாங்கும். தினமும் புதிதாக ஒரு சேற்றுப் பட்டை வெளியே வரும். புழுவும் நத்தையும் அதில்தான். செங்குத்து ஓரத்திலோ தண்ணீர் கீழே இறங்குமே தவிர, விளிம்பு நகராது, சேறு கிடைக்காது.

சரி, பறவையை விடுங்கள். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அங்கே நிற்கும் தண்ணீர் வாய்க்காலுக்கு ஏறாது. வயலுக்கு ஒரு சொட்டு பயனில்லை. ஒரு மூலையில் களிமண்ணையும் தாண்டிச் சரளை தட்டிவிட்டது, அங்கே தண்ணீரே நிற்கவில்லை. தண்ணீர் குடிக்க இறங்கிய எருமை ஒன்று ஏற முடியாமல் தவிக்க, கயிறு கட்டி இழுத்தோம். அதன் சொந்தக்காரர் என்னைத் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. சரிவைத் திரும்ப அமைக்கலாம் என்றால் மண் எப்போதோ லாரியில் ஏறிப் போய்விட்டது!

முதலில் மடைமட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கரையோர வண்டலை மட்டும் அந்த மட்டம் வரை எடுங்கள். மேட்டுப் பக்கத்தில் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கட்டாயம் தோண்டத்தான் வேண்டும் என்றால், ஓரடி ஆழத்துக்குப் பத்தடியாவது சரிவு விடுங்கள். ஜேசிபி ஓட்டுநர் முகம் சுளிப்பார். பரவாயில்லை.

எல்லா ஏரியையும் வேடந்தாங்கல் ஆக்குவது

வேடந்தாங்கலில் தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பில் பறவைகள் கூடு கட்டும். பக்கத்துக் கரிக்கிலி வேறு மாதிரி. அங்கே திறந்த நீரில் வாத்தும் உள்ளானும் மேயும். இரண்டும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. உங்கள் ஏரி கரிக்கிலி வகையாக இருந்தால், நடுவில் தீவு போட்டு மரம் நட வேண்டியதில்லை. மரம் வேண்டும் என்றாலும் நீர்க்கடம்பு, நாட்டுக் கருவேலம் மாதிரி தண்ணீர் தாங்குவதாக இருக்கட்டும். வேம்பு நட்டு, முதல் மழையிலேயே வேர் அழுகியதைப் பார்த்தவன் நான்.

கோரையை மொத்தமாக வழிப்பது

ஆகாயத்தாமரையை எடுங்கள், நெய்வேலிக் காட்டாமணக்கையும் எடுங்கள். ஆனால் கோரையிலும் சம்பம்புல்லிலும்தான் தாழைக்கோழி கூடு கட்டும். கொஞ்சமாவது விட்டுவையுங்கள்.

சித்திரையில் கண்ணை மூடிக்கொண்டு வண்டி இறக்குவது

காய்ந்த உள்வாயில் ஆட்காட்டி வெறும் தரையில் முட்டையிட்டிருக்கும். புள்ளி போட்ட மண் நிறம், மிதித்தால்தான் தெரியும். தலைக்கு மேல் பறவை கத்திக்கொண்டே சுற்றினால் வண்டியை நிறுத்திவிட்டுத் தேடுங்கள்.

கரையில் விளக்குக் கம்பம்

வேண்டாம்.