மந்திரவாதியை விடுங்கள், வரிசையைப் பாருங்கள்: கற்பனை உலகம் கட்டத் தொடங்குவோருக்கு

நான் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் (ஒருவர் கற்பனை உலகைச் சொல்லி நடத்த, மற்றவர்கள் அதில் பாத்திரங்களாக ஆடும் மேசை விளையாட்டு) நடத்தத் தொடங்கியது வெள்ளவத்தையில், நண்பன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். விளையாட ஐந்து பேர், ஒரு பக்கற் பிஸ்கட், எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு செட் தாயக்கட்டை. மூன்றாவது ஞாயிறுக்காகப் பஞ்சத்தில் வாடும் ஊர் ஒன்றை இரண்டு இரவு கண்விழித்து எழுதிக்கொண்டு போனேன். வற்றிய குளம், எலும்பும் தோலுமான மாடுகள், பசியில் அழும் பிள்ளைகள். உருக்கமாக வாசித்து முடித்தேன். கிளெரிக்காக, அதாவது கடவுள் அருளால் மந்திரம் போடும் பூசகராக, விளையாடிய நண்பனின் தங்கச்சி கேட்டாள்: “அண்ணா, இந்த ஊர்க் கோயிலில பெரிய பூசகர் ஒருத்தர் இருக்கிறார் எண்டு போன கிழமை சொன்னீங்கள். அவருக்குச் சாப்பாடு வரவழைக்கிற மந்திரம் தெரியும்தானே? பிறகேன் சனம் பட்டினி?”

தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறேன் என்று எழும்பிப் போய்விட்டேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் உலகம் கட்டுவது எனக்குப் பிடிபட்டது. கீழே இருப்பது நான் இப்போது செய்யும் முறை. கணக்குகள் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளை வைத்துப் போட்டவை. வேறு விளையாட்டு ஆடுபவர்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

படி 1: ஒரே ஒரு மந்திரத்தை எடுங்கள்

விதிப் புத்தகத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட மந்திரங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் யோசித்தால் விளையாடும் நாள் வரவே வராது. நெருப்புக் குண்டு, மின்னல் போன்ற சண்டைச் சாமான்களை ஒதுக்கி வையுங்கள். அவற்றால் கோட்டைச் சுவர் மாறலாம், ஊர் பெரிதாக மாறாது. சாப்பாடு, நோய், பயணம், சாவு, சாட்சி ஆகிய ஐந்தில் ஒன்றைத் தொடும் மந்திரமாகப் பாருங்கள்.

படி 2: கணக்குப் போடுங்கள்

ஆரம்பத்தில் பலரும் தாண்டிப் போகும் படி இது. என் பூசகரையே எடுப்போம். உணவும் நீரும் வரவழைப்பது மூன்றாம் நிலை மந்திரம். ஒருமுறை போட்டால் பதினைந்து பேருக்கு ஒரு நாள் சாப்பாடு. ஐந்தாம் மட்டத்துக் கிளெரிக்கால் (நிலை என்பது மந்திரத்தின் தரம், மட்டம் என்பது ஆளின் தேர்ச்சி) ஒரு நாளில் அதை இரண்டு முறைதான் போட முடியும். ஆக 30 பேர். என் ஊரில் 600 பேர். அத்தனை பேருக்கும் சோறு போட இப்படி இருபது பூசகர்கள் வேண்டும். இருப்பதோ ஒருவர்.

தங்கச்சியின் கேள்விக்கு இதுவே பாதிப் பதில். ஊரில் மந்திரம் இருக்கிறது, ஆனால் போதாது. எல்லோருக்கும் போதுமான ஒன்றை வைத்து யாரும் அதிகாரம் செய்ய முடியாது. முப்பது பேருக்கு மட்டும் போதுமான ஒன்றை வைத்துத் தாராளமாகச் செய்யலாம்.

விதியில் இன்னொரு வரி இருக்கிறது. அந்தச் சாப்பாட்டுக்கு ருசி கிடையாது, 24 மணித்தியாலத்தில் கெட்டும் போய்விடும். நெல்லென்றால் மூட்டை கட்டிப் பதுக்கலாம், இதைப் பதுக்க வழியில்லை. இன்று வாங்கியவன் நாளைக்கும் வந்து நிற்கத்தான் வேண்டும். பூசகரோடு இன்று சண்டை பிடித்தால் நாளைக்குப் பட்டினி. சிப்பாய் ஒருவன்கூட இல்லாமல் ஓர் ஊரைக் கைக்குள் வைத்திருக்க இந்த ஒரு வரி போதும்.

இதே கணக்கை, காட்டின் சக்தியால் மந்திரம் போடும் ட்ரூயிட்டை வைத்துப் போட்டுப் பாருங்கள். முதல் மட்டத்திலேயே அவரால் ஒருமுறைக்குப் பத்துப் பழம் உண்டாக்க முடியும். ஒரு பழம் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் காணும். ஒரு நாளில் இரண்டு முறை, அதாவது இருபது பேர். நேற்றுப் படிப்பு முடித்த காட்டுப் பெடியன் ஒருவன், பெரிய பூசகர் ஊட்டுவதில் மூன்றில் இரண்டு பங்கு ஊட்டிவிடுகிறான்! அப்படியானால் கோயிலுக்கும் காட்டுக்கும் ஏன் பகை என்று நான் விளக்க வேண்டியதில்லை. (அந்த மந்திரத்துக்கு மிஸில்டோ குச்சி வேண்டும். நம் மாமரத்தில் தொற்றும் குருவிச்சைக்குச் சொந்தக்காரச் செடி. என் உலகில் அதைக் குருவிச்சை என்றே எழுதிவிட்டேன்.)

படி 3: குழாய் யார் கையில் என்று தேடுங்கள்

மந்திரத்துக்குப் பொருள் வேண்டும், படிப்பு வேண்டும், சிலவேளை அனுமதியும் வேண்டும். இவற்றில் எது அரிதோ அதன் சொந்தக்காரர்தான் உங்கள் உலகின் பெரிய மனிதர்.

செத்தவரை எழுப்பும் ஐந்தாம் நிலை மந்திரத்தைப் பாருங்கள். 500 பொற்காசு பெறுமதியான வைரம் ஒன்று அதில் கரைந்துபோகும். சாதாரண கூலியாளுக்கு நாள் சம்பளம் 2 வெள்ளிக்காசு, பத்து வெள்ளி ஒரு பொன். ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தாலும் 2,500 நாள், கிட்டத்தட்ட ஏழு வருடம். செத்துப் பத்து நாளுக்குள் எழுப்பவும் வேண்டும். ஆக, அரசனுக்கு இது மருத்துவம். கூலியாளுக்கு வெறும் கதை.

உடலில் தலை இல்லாவிட்டால் இந்த மந்திரம் பலிக்காது என்பதும் விதியில் உண்டு. அப்படிப்பட்ட நாட்டில் தலையை வெட்டுவது வெறும் மரண தண்டனையாக இருக்காது. பணக்காரனையும் ஏழையையும் சமமாகச் சாகடிக்கும் ஒரே தண்டனை அது. பட்டத்து இளவரசனையும் மறக்காதீர்கள். அப்பா மூன்றாம் முறை எழுந்து வந்தால் அவன் முகம் எப்படி இருக்கும்?

மந்திரத்தைவிட வைரத்தைக் காவல் காப்பது இலகு. இதற்கு உதாரணம் தேடித் தூரம் போகத் தேவையில்லை, கறுவாத்தோட்டம் வரை போனால் போதும். இன்று பெரிய வீடுகளும் தூதரகங்களும் நிற்கும் கொழும்பு 7இன் அந்தப் பெயர், அங்கு உண்மையிலேயே இருந்த கறுவாச் செய்கையிலிருந்து வந்தது. ஒல்லாந்தர் கறுவா வியாபாரத்தைத் தங்கள் ஏகபோகமாக்கி வைத்திருந்தார்கள். பட்டை உரிப்பது ஒரு சாதியினரின் கட்டாயக் கடமை, களவாக விற்றால் கடும் தண்டனை. கறுவாவை அழித்துவிட்டு வைரம் என்று எழுதுங்கள், உங்கள் நாட்டின் சட்டப் புத்தகத்தில் பாதி தயார்.

ஆயத்த உதாரணம் வேண்டுமென்றால் இதே விளையாட்டுக்காக 2004இல் வெளிவந்த எபரோன் உலகைப் பாருங்கள். அங்கே வைத்தியம், செய்தி, பயணம் என்று ஒவ்வொரு மந்திரத் தொழிலும் ஒவ்வொரு குடும்பத்தின் கையில்.

படி 4: யார் பிழைப்பு போனது?

மந்திரம் வந்ததால் நொடித்தவர்களைத் தேடுங்கள். நல்ல கதைகள் இங்கேதான் கிடக்கின்றன. நகரத்திலிருந்து நகரத்துக்கு நொடியில் கொண்டுபோகும் மந்திர வட்டம் ஒன்றை வைத்தால், இடையிலுள்ள சத்திரங்களும் வண்டிக்காரர்களும் என்ன ஆவார்கள்? கொழும்பில் அலைதாங்கிக்கு 1875இல் அடிக்கல் நட்டார்கள். அது எழும்பியதும் கப்பல்கள் இங்கே திரும்பின. அதுவரை நாட்டின் முதன்மைத் துறைமுகமாக இருந்த காலி பின்தங்கிப் போனது. ஒரு கல் அணைக்கே அந்த நிலை.

படி 5: விதியும் அதன் ஓட்டையும்

அரிதான எதற்கும் பங்கீடு வரும், பங்கீட்டின் பின்னால் குறுக்குவழி வரும். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா? கியூஆர் முறை வந்த தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். அந்த நாட்களை நினைத்துக்கொண்டு எழுதுங்கள்: இரவே வந்து இடம் பிடிப்பவர், இடத்தை விற்பவர், வரிசையில் நிற்பவர்களுக்கு வடை விற்பவர், “எனக்குத் தெரிந்த ஆள் ஒருத்தர் இருக்கிறார்” என்பவர். இந்த நாலு பேரையும் பூசகர் வாசலில் நிறுத்துங்கள். வில்லன் தேடி அலைய வேண்டாம்.

படி 6: மேசைக்குக் கொண்டு வாருங்கள்

இவ்வளவையும் பத்துப் பக்கம் எழுதி வாசித்துக் காட்டாதீர்கள், நித்திரை கொள்வார்கள். விளையாடுபவர்கள் கண்ணால் காணக்கூடியதாக ஒரு காட்சி, பெயருள்ள இரண்டு ஆட்கள், ஒரு வதந்தி. நான் அடுத்த ஞாயிறு கொண்டுபோனது இவ்வளவுதான்: கோயில் வாசலில் நீண்ட வரிசை. முப்பது பெயர் எழுதிய ஓலை. அதை வைத்திருக்கும் கணக்கப்பிள்ளை. நேற்று ஓலையில் இருந்து இன்று இல்லாமல் போன ஒரு கிழவி. பூசகரைக் காட்டவே இல்லை.

அன்று இரண்டரை மணித்தியாலம் ஒரு வாள்கூட உறையை விட்டு வெளியே வரவில்லை. தங்கச்சி கணக்கப்பிள்ளையோடு நியாயம், தர்மம், கடவுள் எல்லாம் பேசினாள். நான் கணக்கப்பிள்ளையின் குரலில், தலை நிமிராமல் கேட்டேன்: “அதெல்லாம் சரி பிள்ளை, உங்களுக்கு எத்தனை பேருக்கு வேணும்?”

அவள் மற்ற நால்வரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “அஞ்சு.”