நினைவு இல்லத்தில் வழிகாட்டப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சென்னை ஏழுகிணறு வீராசாமி தெருவில் வள்ளலார் வாழ்ந்த வீடு இருக்கிறது. ஆர்வமுள்ளவர்களை அங்கே கூட்டிப்போய்ச் சொல்லிக் காட்டுவது என் வழக்கம். இப்படி வழிகாட்ட வருகிற இளைஞர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நிற்கிற வீட்டை விட்டுவிட்டு, முழு வாழ்க்கை வரலாற்றையும் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

1823ல் மருதூரில் பிறந்தார், 1867ல் வடலூரில் தருமசாலை தொடங்கினார் என்று வாசலிலேயே அடுக்கினால், வந்தவர்கள் செல்போனை எடுத்துவிடுவார்கள். அதை எங்கே வேண்டுமானாலும் படிக்கலாம். இங்கே நின்று சொல்ல வேண்டியது அண்ணியின் கதை. படிக்கப் போகாத தம்பிக்குச் சோறு போடாதே என்று அண்ணன் சபாபதி கண்டித்துவிட, அண்ணி அவருக்குத் தெரியாமல் கூப்பிட்டுச் சோறு போட்டாராம். ஒருநாள் அண்ணி கண்கலங்கியதைப் பார்த்துத்தான், தனியறை கொடுத்தால் படிக்கிறேன் என்று தம்பி சொன்னதாக வரலாறு. மாடியறை கிடைத்தது. அங்கே ஒரு கண்ணாடியை மாட்டி, எதிரே விளக்கேற்றி உட்கார்ந்தார்.

அந்தக் கண்ணாடியில் முருகன் காட்சி தந்தார் என்பது அடியார்களின் நம்பிக்கை. அதை நம்பிக்கை என்றே சொல்லுங்கள். நிரூபிக்கவும் வேண்டாம், கிண்டலும் வேண்டாம். ஒருமுறை அந்த அறையில் ஒரு பாட்டி கைகூப்பி, உதடு மட்டும் அசைய நின்றிருந்தார். நான் நிறுத்தாமல் விளக்கிக்கொண்டே இருந்தேன். பாதியில் கையை இறக்கிவிட்டு வெளியே போய்விட்டார். இன்றும் மனசு உறுத்துகிறது. அறைக்குள் நுழையும்முன் சொல்லி முடித்துவிடுங்கள், உள்ளே பேசாதீர்கள்.

அடுத்தது, காலத்தைக் குழப்புவது. "வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம்" எல்லோருக்கும் தெரிந்த வரி. அதனாலேயே இந்த வீட்டில் பாடினார் என்று சொல்லிவிடுகிறார்கள். அது அவருடைய பாடல்களின் தொகுப்பான திருவருட்பாவில் ஆறாம் திருமுறை. 1858ல் சென்னையை விட்டுக் கிளம்பிய பிறகு பாடியது. இந்த வீட்டுக்கு நெருக்கமானது, கந்தகோட்டத்து முருகன்மேல் பாடிய தெய்வமணிமாலையின் 31 பாடல்கள். "தருமமிகு சென்னை" என்று நம் ஊரைச் சொல்வது அதில்தான். இதைச் சொன்னதும் வடசென்னைப் பிள்ளைகள் முகத்தில் வருகிற சந்தோஷத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

தெரியாததைக் கேட்டால், "தெரியலை, பார்த்துச் சொல்றேன்" என்றால் போதும். ஊகித்துச் சொன்னது அடுத்த வாரமே உண்மையாகிச் சுற்றும்.

அப்புறம், தெருவையே மறித்துக் கூட்டத்தை நிறுத்துவது. பைக், மீன்பாடி வண்டி எல்லாம் போக வேண்டிய தெரு, அக்கம்பக்கத்தில் குடும்பங்கள் இருக்கின்றன. சுவரோரமாக நிறுத்தி, ஏழுகிணறு என்ற பெயர் புனித ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க 18ஆம் நூற்றாண்டில் வெட்டிய கிணறுகளால் வந்தது என்பதை மட்டும் சொல்லி உள்ளே அழைத்துப் போங்கள். மற்றதை ராசப்ப செட்டி தெருவில் இருக்கும் கந்தகோட்டத்துக்கு நடந்து போகும்போது பேசிக்கொள்ளலாம்.