எஃகின் மேல் கார்பைடு: எலக்ட்ரான் கற்றையால் கடினப் பூச்சு இடும் முறை

எஃகு ஏறத்தாழ 1500 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உலோகமும் கார்பனும் சேர்ந்த கடினமான சேர்மமான டைட்டானியம் கார்பைடோ 3000 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். எலக்ட்ரான் கற்றையால் உலோகத்தை மட்டும் உருக்கி, கார்பைடு மணிகளை உருகாமல் அதற்குள் பதிப்பதே நம் வேலை. வெப்பத்தைக் கூட்டினால் பூச்சு உறுதியாகும் என்று எண்ணுவது தவறு.

முதலில் தூளைத் தேர்ந்தெடுங்கள். டங்ஸ்டன் கார்பைடின் அடர்த்தி எஃகைப்போல் இரு மடங்கு என்பதால் அது உருகிய குழம்பின் அடியில் தங்கும். மேலும், இரும்பில் ஓரளவு கரைந்து, எளிதில் நொறுங்கும் சேர்மங்களை உண்டாக்கும். டைட்டானியம் கார்பைடு லேசானது, மிதக்கப் பார்க்கும். ஆனால் அவ்வளவு கரையாது. எனவே, அதையே நிக்கல் அல்லது இரும்புக் கலவைத் தூளுடன் கலந்து தொடங்குவது நல்லது.

எஃகைத் தேய்த்து, எண்ணெய்ப் பசையை அசிட்டோனால் நீக்கியபின், அதில் எஞ்சியுள்ள காந்தத்தன்மையையும் போக்க வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான்; சிறிதளவு காந்தம்கூடக் கற்றையை வளைத்துவிடும்.

தூளை அப்படியே தூவக் கூடாது. எலக்ட்ரான்கள் பட்டதும் மணிகள் மின்னேற்றம் பெற்று, ஒன்றையொன்று விலக்கிப் புகைபோல் பறக்கும். ஆகையால் பசையுடன் குழைத்து மெல்லிய படலமாகப் பூசி, ஈரம் முற்றிலும் போகும்வரை உலர்த்துங்கள். எஞ்சிய ஈரம் பூச்சில் குமிழிகளாக வெளிப்படும்.

துண்டைக் கருவியின் அறைக்குள் வைத்து மூடிக் காற்றை வெளியேற்றுங்கள். கற்றை உலோகத்தில் மோதும்போது எக்ஸ் கதிர் பிறக்கிறது; காரீயத் தடுப்பையும் கதவின் பாதுகாப்புப் பூட்டையும் எக்காரணம் கொண்டும் தவிர்க்காதீர்கள்.

குவியம் தளர்ந்த கற்றையைக் குறைந்த திறனில் ஓட்டி, மணிகளை லேசாக ஒட்டவைத்த பிறகே முழுத் திறனுக்குச் செல்லுங்கள். 60 கிலோவோல்ட்டில் 30 மில்லி ஆம்பியர் என்றால் திறன் 1800 வாட். மின்னழுத்தத்தை நிலையாக வைத்து, மின்னோட்டத்தையும் நகரும் வேகத்தையும் கழிவுத் துண்டொன்றில் சோதித்துச் சரிசெய்யுங்கள். கார்பன் மிகுந்த எஃகு விரிசல் விடக்கூடியது என்பதால் அதை முன்கூட்டியே 200 முதல் 300 டிகிரி வரை சூடாக்க வேண்டும்.

ஆறியபின் துண்டைக் குறுக்கே வெட்டி, வைரப் பொடியால் மெருகேற்றி நுண்ணோக்கியில் பாருங்கள். கார்பைடு மணிகளின் முனைகள் கூராக இருந்தால் மின்னோட்டத்தின் அளவு சரி. மழுங்கி உருண்டிருந்தால் அவை கரைந்திருக்கின்றன, மின்னோட்டத்தைக் குறையுங்கள்.