எக்ஸ்பெக்டட் சி.டி.சி. எவ்வளவு? பதில் சொல்லுமுன் பாருங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பிள்ளைகள் வேலை இன்டர்வியூவில் டெக்னிக்கல் ரவுண்டைத் தாண்டிவிடுவார்கள். கம்பெனிக்கு ஆள் எடுக்கும் ரிக்ரூட்டர், எவ்வளவு சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனி வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு) எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டதும் குரல் இறங்கிவிடும். "நீங்களே பார்த்துப் போடுங்க சார்." நம் ஊரில் இது மரியாதை. கேட்பவருக்கோ, எவ்வளவு குறைத்தாலும் ஆள் வந்துவிடுவார் என்று அர்த்தம். அதற்குப் பதிலாக "இந்த வேலைக்கு என்ன பட்ஜெட் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இதைவிடப் பெரிய தவறு, கைக்கு வரும் பணத்தை மனதில் வைத்துக்கொண்டு சி.டி.சி.யைச் சொல்வது. மாதம் 30,000 வேண்டும் என்று நினைத்து "வருடத்துக்கு 3.6 லட்சம்" என்கிறீர்கள். அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) மாதம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 1,800 போகும். கம்பெனி பங்கு 1,800, அதுவும் சி.டி.சி.க்குள்தான். கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 720 சொச்சம். மிச்சம் 25,700-ஐத் தொடாது. அதிலும் மாதம் 3,000-ஐ வேரியபிள் (நிச்சயமில்லாத, கூடக்குறைய வரும் பகுதி) என்று பிரித்திருந்தால் கைக்கு 22,700கூட வராது. அதனால் நிச்சயமாக வரும் ஃபிக்ஸட் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு, கைக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டுவிட்டு அப்புறம் தொகையைச் சொல்லுங்கள்.

குறுவை போச்சு, தங்கச்சி கல்யாணம் இருக்கிறது என்று வீட்டு நிலைமையைச் சொல்லி அதிகம் கேட்பதும் எடுபடாது. உங்களுக்கு என்ன வேலை தெரியும் என்பதற்குத்தான் அங்கே விலை. பழைய சம்பளத்தை ஏற்றிச் சொல்லவே வேண்டாம். பே ஸ்லிப்பும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கேட்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

ஊரையும் கணக்கில் எடுங்கள். 2024-இல் தஞ்சாவூரிலேயே ஐ.டி. கம்பெனிகளுக்கான டைடல் நியோ பார்க் திறந்துவிட்டார்கள். வீட்டில் சாப்பிட்டுப் போய்வரும் வேலைக்குக் கேட்கும் தொகையையே சென்னை வேலைக்கும் கேட்டால் கட்டுபடியாகுமா? பி.ஜி. (தங்கும் விடுதி) வாடகை, மெஸ், பொங்கலுக்கு உழவன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைக்காமல் ஆம்னி பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசு, எல்லாம் உங்கள் பையிலிருந்துதான் போகும்.

"இப்போதைக்கு இதுல சேருங்க, ஆறு மாசத்துல ஏத்தித் தரோம்" என்றால், சரி என்று தலையாட்டாமல் ஆஃபர் லெட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டோம் என்றால் அந்த உயர்வைக் கணக்கில் சேர்க்காமல் முடிவெடுங்கள். வேலைக்கு டெபாசிட் கட்டச் சொல்லும் கன்சல்டன்சியிடம் சம்பளப் பேச்சே வேண்டாம், போனை வைத்துவிடுங்கள்.